எல்லைப்புற ஊரில் நாட்டிய நாடகக் குழு நடத்துவது எப்படி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருவிழாக் காலத்துச் சுவரொட்டிகளில் ‘பாலே’ என்ற சொல்லைப் பார்க்கலாம். சென்னைக்காரருக்கு அது கால்விரல் நுனியில் நின்று சுழலும் மேல்நாட்டு நடனம். எங்களுக்கோ அம்மன் கோயில் மைதானத்தில், வரைந்த திரைச்சீலைகளுக்கு முன்னால், பதிவுசெய்த வசனத்துக்கும் பாட்டுக்கும் ஆடப்படும் புராண நாட்டிய நாடகம். இந்த ஊர்களில் பத்துப் பதினைந்து மாணவிகளை வைத்துப் பரதநாட்டிய வகுப்பு நடத்துபவர் யாராயினும், ஏதோ ஒரு கட்டத்தில், ‘நாமும் ஒரு குழுவாக மேடையேறலாமே, மரபும் இருக்கட்டும், புதிதாக ஒன்றும் செய்வோமே’ என்று நினைக்காமல் இருப்பதில்லை. அப்படி நினைப்பவருக்காக, எங்கள் சிறிய குழுவில் கற்றதையும் பட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

மரபையும் புதுமையையும் கலப்பது தவறோ என்ற தயக்கம் முதலில் வரும். அதை விட்டுவிடலாம், ஏனென்றால் இந்தக் கலப்பு நம் காலத்தில் தொடங்கியதன்று. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்கு வந்தபோதே தஞ்சாவூர் நாட்டியம் திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டது. 1923இல் ருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவுக்காக இந்தியக் கதைகளை அமைத்துக் கொடுத்து அவருடன் ஆடிய உதயசங்கர், பின்னர் தமக்கென ஒரு பாணியையே உருவாக்கினார். அதே பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்கத் தொடங்கிய ருக்மிணி தேவி, பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்று, 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். 1944இல் அங்கே மேடையேறியது நமக்கு அடுத்த மலையடிவாரத்துக் கதையான குற்றாலக் குறவஞ்சி. கதகளியில் ஊறிய குரு கோபிநாத் கேரள நடனத்தை வகுத்ததும், வட்டியூர்க்காவில் விசுவகலா கேந்திரத்தை நிறுவியதும் இந்த வட்டாரத்தார் அறிந்ததே. இவர்கள் அனைவரிடமும் நான் பார்க்கும் பொது அம்சம் ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு மரபை அடிமுதல் கற்று உடலில் ஏற்றிக்கொண்ட பிறகுதான் இன்னொன்றின் மேல் கைவைத்தார்கள். எனவே குழுவில் சேர்ப்பவர் மார்க்கத்தின், அதாவது பரதக் கச்சேரியின் மரபு வரிசையின், உருப்படிகளை, குறைந்தது அதன் நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணம் வரையிலாவது, முழுமையாக ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வையுங்கள். சினிமாப் பாட்டுக்கு நன்றாக ஆடும் பிள்ளை என்று அயல்வீட்டுக்காரர் பரிந்துரைப்பார். அந்தப் பிள்ளையை வகுப்பில் சேருங்கள், குழுவில் சேர்க்காதீர்கள்.

அடுத்து வரவுசெலவு. பழைய உருப்படிகள் சம்பாதிக்கும், புதுப் படைப்பு செலவழிக்கும். இந்தக் கணக்கை மறந்த குழு இரண்டாம் ஆண்டு திரைச்சீலையை விற்க ஆள் தேடும். குறவஞ்சிக் காட்சி, தசாவதாரம், தில்லானா முதலியவற்றுக்கு ஆடையும் இசையும் ஏற்கெனவே கையில் இருக்கும். புதியதற்கோ பாட்டு எழுதி வாங்க வேண்டும், இசையமைக்க வேண்டும், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும், தையற்காரருக்கும் கொடுக்க வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரு புதுப் படைப்பு போதும். அதையும் மூன்று பருவங்களாவது தொடர்ந்து ஆட முடியும் என்று தோன்றினால் மட்டுமே எடுங்கள்.

பருவம் என்று சொன்னதை விளக்க வேண்டும். இந்தப் பகுதியில் கோயில் மேடைகள் தை பிறந்தபின் சூடுபிடித்து, கும்பம், மீனம், மேடம் என்று மலையாள மாதக் கணக்கில் சித்திரை வரை ஓடும். ஜூன் தொடக்கத்தில் மழை இறங்கிவிட்டால் மைதானத்தில் வேலை இல்லை. கதகளிப் பயிற்சிக் களரிகளில் மழைக்காலத்தைத்தான் எண்ணெய் தேய்த்து உடல் பிடித்துவிடும் உழிச்சில் செய்யவும் கடும் பயிற்சிக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கம் நமக்கும் பொருந்தும். மழை தொடங்கும் இடவப்பாதியில் கதையை முடிவு செய்து, ஆடியை ஒட்டிய கர்க்கடகத்தில் அடவுகளை, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகளை, கட்டி, ஓணம் கழிந்ததும் ஒலிப்பதிவு செய்து, கார்த்திகையில் ஆடையுடன் ஒத்திகை பார்த்தால், தைமாத முதல் மேடைக்கு மூச்சுத் திணறாமல் போய்ச் சேரலாம்.

சங்கப் பதிவு முதலியவற்றில் அதிகம் சொல்வதற்கில்லை. கேரளத்தின் தென்பகுதியில் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கச் சட்டமும், தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. இரண்டுக்கும் ஏழு பேர் வேண்டும். ஒத்திகை நடக்கும் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே பதிவு செய்வதுதான் பின்னால் தொல்லை தராது. தஞ்சாவூரில் உள்ள, மத்திய அரசின் கலை அமைப்பான தென்னகப் பண்பாட்டு மையத்தின் வரம்புக்குள் இரு மாநிலங்களும் வருவதால், எல்லைப்புறக் குழு என்பது அங்கே குறையாகாது.

கதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதானம் வேண்டும். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருள் பாதிப்பேர் தமிழில் பேசுபவர், மீதிப்பேர் மலையாளத்தில் பேசுபவர். இரு சாராருக்கும் தெரிந்த, ஆனால் ஒவ்வொருவரும் பாதியை மட்டுமே அறிந்த கதை கிடைத்தால் அதை விடாதீர்கள். எங்களுக்கு அப்படிக் கிடைத்தவள் கண்ணகி. தமிழ்ப் பிள்ளைகள் அவளைப் பள்ளிப் பாடத்தில் மதுரை எரியும் வரை படித்திருக்கிறார்கள். மலையாளத்து அம்மச்சிகளுக்கோ ஆற்றுகால் பகவதியாகவும், பொங்காலைத் திருவிழாவின் பத்து நாளும் பாடப்படும் தோற்றம் பாட்டின் நாயகியாகவும் தெரியும். சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டமே சேர நாட்டில் நடப்பது. சேரன் செங்குட்டுவன் முன்னால் பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடுகின்ற இடம் அதில் வருகிறது. இன்றும் கேரளக் கோயில்களின் நாடக அரங்குகளான கூத்தம்பலங்களில் ஆடும் சாக்கியார்களை அறிந்தவருக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் மெய்சிலிர்க்கும். இப்படி ஒரு கதை இருக்கையில், ஊருக்கு ஒட்டாத ஏதோ ஒன்றைப் ‘புதுமை’ என்று இழுத்து வர வேண்டியதில்லை. தற்காலக் கவிஞரின் வரிகளைப் பயன்படுத்துவதாயின் எழுத்தில் அனுமதி பெறுங்கள். எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை அவர் குடும்பத்தாரிடம் இருக்கும்.

இனி அமைப்பு. பரதம், மோகினியாட்டம், கதகளி மூன்றையும் தொட்டுக்கொள்ள ஆசை வரும், ஆட்களும் இங்கே கிடைப்பார்கள். ஆனால் ஒரே அடவுத் தொடரில் மூன்றையும் குழைத்தால் எதுவும் எதுவாகவும் இராது. பரதத்தின் அரைமண்டியில் பாதம் முழுவதும் தரையில் பதியும். கதகளிக்காரர் பாதத்தின் வெளிவிளிம்பில் நிற்பார். மோகினியாட்டத்தில் உடல் இடுப்பிலிருந்து வட்டமாக அசையும். ஒரே பெண்ணை நாலு தாளவட்டத்துக்குள் இந்த மூன்றுக்கும் மாறச் சொன்னால் அவள் முழங்கால்தான் முதலில் பேசும். இதற்கு நாங்கள் கண்ட வழி, பாத்திரத்துக்கு ஒரு மரபு என்று பிரித்துக் கொடுப்பது. கண்ணகி பரதத்தில் ஆடுவாள். மாதவியின் கானல்வரிக் காட்சி மோகினியாட்டத்தில். பாண்டியனின் அவை கதகளி பயின்ற இரண்டு ஆண்களுக்கு, ஆனால் முகத்தைச் சுற்றி ஒட்டும் வெள்ளைச் சுட்டியும் பெரிய கிரீடமும் இல்லாமல், ஏனென்றால் அந்த ஒப்பனைக்கே பல மணி நேரம் ஆகும், மேலும் பக்கத்தில் நிற்கும் பரதக்காரி அதற்கு முன்னால் சிறுத்துப் போவாள். மரபுகள் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் சிலம்பு உடையும் இடம் ஒன்றே. அங்கே கதகளியின் செம்படைத் தாளமும் நம் ஆதி தாளமும் இரண்டும் எட்டு எண்ணிக்கை என்பதால், தாளத்தை மாற்றாமலே ஒரு பக்கம் கதகளியின் முடிப்பு ஆட்டமான கலாசமும் மறுபக்கம் பரதத்தின் முடிப்பான தீர்மானமும் ஒன்றாக விழும்படி அமைத்தோம். ஆறு வாரம் பிடித்தது அந்த இரண்டு நிமிடத்துக்கு.

பதிவு செய்த இசையா, நேரடி இசையா என்பது அடுத்த வழக்கு. பாட்டு, மிருதங்கம், வயலின், இடக்கா என்று ஆறேழு பேரை ஒவ்வொரு கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் வசதி சிறு குழுவுக்கு இல்லை. முதற்பாதியின் மார்க்க உருப்படிகளுக்கு நட்டுவாங்கமும் பாட்டும் மிருதங்கமும் நேரில் இருக்கட்டும், நாடகத்துக்குப் பதிவு இருக்கட்டும். ஆனால் முதல் ஒரு மாத ஒத்திகையைத் தாளம் தட்டும் தட்டுக்கழியை மட்டும் வைத்து நடத்துங்கள், ஒலிப்பெருக்கியை அலமாரியில் பூட்டி வையுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு மீனமாதத் திருவிழாவில் ஒலியமைப்பாளர் பென்டிரைவைப் பாதியில் ஏதோ செய்துவிட்டார். கோவலன் கொலைக்களத்துக்குப் போகும் காட்சியில் பாட்டு நின்றது. கூட்டம் ஒருகணம் அமைதியாயிற்று, பிறகு பின்வரிசையில் விசில் தொடங்கியது. முதற்பாதி முடிந்து மேடையின் இடது ஓரத்தில் ஓய்வாக உட்கார்ந்திருந்த எங்கள் நட்டுவனார், எதுவும் நடக்காததுபோல் தாளத்தைக் கையில் எடுத்து, ‘தா தை தை த’ என்று சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் ஒரு அடி தப்பாமல் சொற்கட்டுக்கே ஆடி முடித்தார்கள். மறுநாள் சிலர் வந்து, அந்த இடத்தில் பாட்டை நிறுத்தியது நல்ல உத்தி என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நான் மறுக்கவில்லை.

மேடைக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அரங்கை அளக்கச் சொல்கிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். பெருவிரல் ஒன்றை அங்குலமாகக் கொண்டால் ஏறத்தாழ 14 அடிக்கு 16 அடி. அது மாதவி ஒருத்திக்கான அரங்கு. பத்துப் பேர் ஆடும் நாடகத்துக்கு 24 அடி அகலமும் 20 அடி ஆழமும் இல்லாவிட்டால் அடவுகள் முட்டிக்கொள்ளும். ஒப்பந்தக் கடிதத்திலேயே இதை எழுதிவிடுங்கள். எழுதினாலும், போய்ப் பார்த்தால் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். ஜமுக்காளத்தை உடனே சுருட்டிவிடச் சொல்லுங்கள், அது வழுக்கும், கீழே இருக்கும் இடைவெளியையும் மறைக்கும். பிறகு டீச்சர் வெறுங்காலுடன் மேடை முழுவதும் ஒருமுறை மெதுவாக நடந்து பார்க்க வேண்டும். துருத்திய ஆணி கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். சுத்தியலும் அகலமான ஒட்டுநாடாவும் எங்கள் சலங்கைப் பெட்டியிலேயே இருக்கும். திரைகளைப் பற்றியும் அந்தக் காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வருகின்றன. சுருட்டி இறக்கும் பத்து வண்ணத் திரைகளைக் காட்டிலும், நடுவில் பிரியும் ஒரு கறுப்புத் திரையும், இருவர் கையில் பிடிக்கும் கதகளித் திரைசீலையும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன; ஏற்றிச் செல்ல வண்டியும் சிறியது போதும்.

நிகழ்ச்சியின் நேரத்தைத் திருவிழாக் கமிட்டியிடம் முதலிலேயே பேசி முடியுங்கள். ஒலிப்பெருக்கியை இரவு பத்து மணிக்குமேல் பயன்படுத்த விதி இடம் தராது. ஆண்டில் சில நாட்களுக்கு மாநில அரசு தரும் தளர்வும் நள்ளிரவு வரைதான். தீபாராதனை முடிந்து, பேச்சாளர்கள் எல்லாரும் பேசி, பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் எட்டரை ஆகிவிடும் என்று வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்தில் முடியும்படி அமையுங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் மரபு உருப்படிகள், பிறகு ஐம்பது நிமிடம் புதிய நாடகம், கடைசியில் தில்லானா. வர்ணத்தை இங்கே வெட்டி ஒட்டி ஆடாதீர்கள். முழுதாக ஆட வாய்ப்புள்ள சபாவுக்கு அதை வைத்துக்கொண்டு, கோயிலில் அதைவிடச் சிறிய உருப்படியான ஒரு சப்தமோ பதமோ ஆடுவது மரியாதை. முதலாண்டு கமிட்டிச் செயலாளர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து கேட்டார்: “டீச்சரே, ஆட்டம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அம்மன் எப்ப வருவா?” எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். பாலே பார்த்துப் பழகிய மைதானம் தெய்வம் தோன்றும் கணத்துக்காகவே விழித்திருக்கிறது. மறுமுறை, கண்ணகி சேர நாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நிற்கும் இறுதிக் காட்சியில், புகை இயந்திரமும் சுழலும் சக்கரமும் இல்லாமல், ஒற்றை மஞ்சள் விளக்கையும் ஏழு பெண்கள் ஏந்திய தாலப்பொலி மங்கல விளக்குத் தட்டுகளையும் வைத்து, தோற்றம் பாட்டின் மெட்டில் எழுதிய தமிழ்ப் பாட்டுக்கு அவளை நிறுத்தினோம். முன்வரிசையில் பாட்டிமார் குலவையிட்டார்கள். அந்தக் காட்சியை நீக்கி ஒருமுறைகூட நாங்கள் ஆடியதில்லை.

ஒவ்வொரு மேடைக்கும் பிறகு, வண்டியில் திரும்பும்போதே, ஒரு நோட்டில் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில் கூட்டம் எழுந்து கடலை வாங்கப் போனது, எந்த ஆடையின் கொக்கி அறுந்தது, யார் எந்தச் சொற்கட்டில் திணறினார், பேசிய தொகையில் எவ்வளவு பாக்கி. மழைக்காலத்தில் புதிய கதைக்கு உட்காரும்போது முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டுத்தான். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அசதியாக இருந்தாலும் பட்டாடைகளை வியர்வையோடு மடித்து வைக்காதீர்கள். இரவே உதறிக் கொடியில் போட்டு, மறுநாள் நிழலில் காயவிட்டு, சலங்கையின் தோல்வாரைத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும்.