ஆட்டோமேஷன் பற்றி மேடையில் பேசப் போகிறீர்களா?

பொருளாதாரம் படித்துவிட்டுப் பத்திரிகை வேலைக்கு வந்தவள் நான். உலக நடப்பு, ஆட்டோமேஷன் (மனிதர் செய்யும் வேலையை எந்திரமும் கணினியும் எடுத்துக்கொள்வது) பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். எங்கே போனாலும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "எங்க பிள்ளைங்களுக்கு வேலை இருக்குமா?" அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்பதால், எண்களில் நான் ரொம்பக் கறார்.

ஓர் எண்ணைச் சொல்லும் முன், அது எதை எண்ணியது என்று பாருங்கள். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் எந்திரத்துக்குப் போகும் ஆபத்தில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்லும் எண், 2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் செய்த ஆய்வில் வந்தது. அமெரிக்காவின் 702 தொழில்களில் 70ஐ மட்டும் நிபுணர்களோடு உட்கார்ந்து வகைப்படுத்தினார்கள். மற்றவற்றைக் கணினி மதிப்பிட்டது. தொழில்நுட்பத்தால் முடியுமா என்றுதான் பார்த்தார்கள், இத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று சொல்லவில்லை. 2016இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.க்காக நடந்த ஆய்வில் 21 நாடுகளுக்குச் சராசரி 9 சதவீதம்தான். முதல் ஆய்வு ஒரு தொழிலை ஒரே மூட்டையாக எடுத்தது. இது, அதற்குள் ஒவ்வொருவரும் செய்யும் தனித்தனி வேலைகளைப் பார்த்தது. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம், ஒரே ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்லுங்கள். நான் எடுப்பது அமெரிக்க வங்கிகளை. ஏ.டி.எம். பரவிய காலத்தில், பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன் கணக்குப்படி, 1988க்கும் 2004க்கும் இடையே நகரக் கிளை ஒன்றில் கவுன்ட்டர் ஊழியர்கள் சராசரியாக 20இலிருந்து 13 ஆனார்கள். கிளை நடத்தும் செலவு இறங்கியது, நகரக் கிளைகள் 43 சதவீதம் கூடின. அதனால் மொத்தக் கவுன்ட்டர் ஊழியர் எண்ணிக்கை குறையவில்லை. கிளை திறப்பதற்கான சட்டக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் இதற்குக் காரணம், அதை மறைக்காதீர்கள். கேட்பவர்கள் இங்கே நிம்மதியாவார்கள். ஆனால் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும்: 2010க்குப் பிறகு, மொபைலிலேயே வங்கி வேலை முடிய ஆரம்பித்ததும், அந்த எண்ணிக்கை சரிந்தது.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். தென்கொரியத் தொழிற்சாலைகளில் 10,000 ஊழியர்களுக்கு 1,000க்கும் மேல் ரோபோக்கள். அங்கே கூலி அதிகம், இளைஞர்கள் குறைந்துவருகிறார்கள். வங்கதேசத்தின் தையல் ஆலைகளில் கூலி குறைவு. வளைந்து நெளியும் துணியைப் பிடித்துத் தைப்பதும் ரோபோவுக்கு இன்னும் கஷ்டம்.

கேள்விகளுக்கு நிறைய நேரம் விடுங்கள். "என் வேலை போயிடுமா?" என்று ஒருவர் கேட்டால், ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று விசாரியுங்கள். எது எந்திரத்துக்குப் போகலாம், எது அவர் கையில் நிற்கும் என்று அவரையே கூட வைத்துப் பிரித்துப் பாருங்கள். வாக்குறுதி மட்டும் கொடுக்காதீர்கள்.