இசை மாங்காவில் நகைச்சுவையும் அரசியலும்: விவாதத்தை நடத்தும் முறை

மொரீஷியசில் மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதை பெரும்பாலும் பிரெஞ்சுப் பதிப்பாகத்தான் கைக்கு வருகிறது. பேச்சோ உள்ளூர் மொழியான கிரியோலும் தமிழுமாக ஓடும். எனவே விவாதத்துக்கு வரும் எல்லாரும் ஒரே பதிப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பக்க எண்ணை மறந்துவிட்டு அத்தியாயம், காட்சி, கட்டம் (பக்கத்தில் உள்ள ஒரு தனிப் படம்) என்று குறிப்பிடுங்கள். கட்டங்களை வலமிருந்து இடமாக எண்ண வேண்டும். புதியவர் பழக்கதோஷத்தில் இடமிருந்து தொடங்கி, பதிலை முதலிலும் கேள்வியைப் பிறகும் படித்துவிட்டு, "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்பார்.

ஆறு முதல் எட்டுப் பேர், இரண்டு மணி நேரம், ஒரே ஓர் அத்தியாயம். முழுத் தொகுதியை எடுத்தால் கதைச்சுருக்கம் சொல்வதிலேயே பொழுது போய்விடும்.

தொடக்கத்துக்கு யூகி கொடாமாவின் 'கிட்ஸ் ஆன் த ஸ்லோப்' மிகப் பொருத்தம். பியானோ வாசிக்கும் கவோருவும் டிரம்ஸ் அடிக்கும் செந்தாரோவும் ஜாஸால் நண்பர்களாகும் கதை. பேச்சைத் தொடங்கும் முன் ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி குழுவின் 1958ஆம் ஆண்டு 'மோனின்' பதிவை முழுதாகக் கேளுங்கள், ஒன்பதரை நிமிடம்தான். பியானோ ஒரு வரி சொல்ல, குழு பதில் சொல்லும். இதைக் கேட்காமல் வாசிப்புக் காட்சிகளைப் பேசினால், தாளில் இல்லாத ஓசையை ஆளுக்கொரு விதமாகக் கற்பனை செய்துகொண்டு மோதுவார்கள்.

அடுத்து, ஒவ்வொருவரும் தாளில் மூன்று பத்தி கோடு போடட்டும்: எந்தக் கட்டம், என்ன வகைச் சிரிப்பு, யாரைக் கேலி செய்து. வகை பிரிக்க நம்மிடமே கருவி உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். 'டெட்ராய்ட் மெட்டல் சிட்டி' என்ற இன்னொரு மாங்காவில் மென்மையான பாப் இசைக்கு ஏங்கும், ஜப்பானின் ஓயிதா பகுதி இளைஞன் டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை மேடையில் அரக்கனாக நிற்கிறான். அவன் தடுமாறி எதைச் செய்தாலும் ரசிகர்கள் அதைப் பேய்த்தனத்தின் மேதைமையாக எடுத்துக்கொள்கிறார்கள். இது மடன்: எதையும் சோதிக்காமல் நம்புவது. "மெட்டல் ரசிகரை ஆசிரியர் அவமதிக்கிறார்" என்று ஒருவரும் "இல்லை, நட்சத்திரத்தை வழிபடும் எல்லாரையும்தான்" என்று இன்னொருவரும் வாதாடினால், இருவரும் கட்டத்தைக் காட்ட வேண்டும். அதன் பாடல் வரிகள் வன்முறையும் ஆபாசமும் மிக்கவை. பெரியவர்கள் மட்டும் உள்ள கூட்டத்துக்கே அது ஏற்றது.

சொல் விளையாட்டில்தான் அதிகம் ஏமாறுவோம். காளமேகத்தின் சிலேடையைப் பிரெஞ்சில் சொன்னால் என்ன மிஞ்சுமோ அதுதான் ஜப்பானியச் சிலேடையிலும் மிஞ்சும். பல இடங்களில் மொழிபெயர்ப்பாளர் வேறு நகைச்சுவையை வைத்திருப்பார். பேச்சுக் குமிழியை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். சிரிப்பு படத்திலேயே இருந்தால் அதை ஓவியர் கணக்கில் எழுதலாம். சொல்லில் மட்டும் இருந்தால் அதன்மேல் அரசியல் வாதம் கட்ட வேண்டாம். ஓசைச் சொற்களையும் விடாதீர்கள். நிசப்தத்துக்கே ஜப்பானியத்தில் 'ஷீன்' என்று ஓர் ஓசைச் சொல் உண்டு. சொன்ன நகைச்சுவை எடுபடாதபோது அதைக் கட்டத்தில் எழுதுவார்கள்.

அரசியல் என்றதும் பலர் முழக்கத்தைத் தேடுகிறார்கள். உள்ளோட்டம் பெரும்பாலும் வரிசையில் இருக்கும். இதை இங்கே விளக்குவது சுலபம்: 1998இல் வந்த மொரீஷியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்தார்கள். ஒரு சொல்கூட வசை இல்லை, இடம் மட்டும்தான் மாறியது. தமிழர் எதிர்ப்பில் அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே கண்ணோடு கட்டங்களைப் பாருங்கள். யார் முன்னால், யார் ஓரத்தில், யாருடைய முகம் வரையப்படவே இல்லை?

பிறகு இரண்டு ஆண்டுகளைப் பலகையில் எழுதுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, வெளிவந்த ஆண்டு. 'கிட்ஸ் ஆன் த ஸ்லோப்' 1966இல் ஜப்பானின் சசெபோவில் தொடங்குகிறது. எழுதப்பட்டதோ 2007 முதல் 2012 வரை. சசெபோ அமெரிக்கக் கடற்படைத் தளம் உள்ள ஊர். 1968 ஜனவரியில் எண்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் வந்தபோது அங்கே மாணவர் போராட்டம் வெடித்தது. செந்தாரோவின் தந்தை அமெரிக்கர். டிரம்பெட் வாசிக்கும் ஜுனிச்சி தோக்கியோ மாணவர் இயக்கத்தில் சிக்குகிறான். எனவே செந்தாரோவின் முரட்டுத்தனத்தைச் சிரிப்பாகக் காட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வேண்டியது: இந்த முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்பதை வாசகருக்கு முன்பே சொல்லியாயிற்றா? சொன்ன பிறகு அதே சிரிப்பின் எடை மாறும். இந்தக் கேள்விக்கு மட்டும் அரை மணி ஒதுக்குங்கள். விவாதத்தின் நல்ல பகுதி இதுவே.

ஆளுக்கு இரண்டு நிமிடம். கட்டம் காட்டாத கருத்தை யாரும் மறுக்க வேண்டாம், குறிப்பிலும் ஏற்ற வேண்டாம். "ஆசிரியர் மனதில் இதுதான் இருந்தது" என்பவரிடம் நேர்காணலைக் கேளுங்கள். இல்லையென்றால் "இந்தக் கட்டம் இப்படிப் படிக்கத் தருகிறது" என்று மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

இசையும் அதிகாரமும் என்றதும், 1999 பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்த மொரீஷியஸ் பாடகர் காயாவிடம் (செகாவும் ரெகேயும் கலந்த 'செகே' இசை அவருடையது) பேச்சு போகும். அது போக வேண்டிய இடமே. ஆனால் அதைக் கடைசி இருபது நிமிடத்துக்கு வையுங்கள். முன்னால் வந்தால் சசெபோவை யாரும் பார்க்க மாட்டார்கள்; நம் கதையை அந்த ஊர்மேல் ஒட்டிவிட்டுப் போய்விடுவோம்.

எழுந்திருக்கும் முன், தீராமல் நின்ற கட்டங்களை மட்டும் அத்தியாய எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.