பையில் இருக்கும் பெயரை விட்டு, பொருளைப் பார்ப்பது எப்படி?

பிரிட்டனில் விலை கூடிய சூப்பர்மார்க்கெட்டான வெயிட்ரோஸின் பை என்றால் ஒரு மரியாதை, மலிவு விலைக் கடையான ஆல்டியின் பை என்றால் ஒரு மாதிரிப் பார்வை. அந்தப் பார்வைக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறீர்களா என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

முதலில் அலமாரிச் சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் அலகு விலையைப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒன்றில் 100 கிராமுக்கு, பக்கத்திலேயே கிலோவுக்கு என்று இருக்கலாம். ஒரே அளவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். டெஸ்கோ கடையில் பல பொருட்களுக்குக் கிளப்கார்டு (அந்தக் கடையின் உறுப்பினர் அட்டை) விலை வேறு, அட்டை இல்லாதவர் விலை வேறு; உங்களுக்குப் பொருந்தும் விலையை வைத்தே ஒப்பிடுங்கள்.

அடுத்து, பால், சீஸ், இறைச்சிப் பொட்டலங்களில் உள்ள முட்டை வடிவ முத்திரை. அதில் நாட்டுக் குறியும் ஆலையின் அனுமதி எண்ணும் இருக்கும். இரண்டு கடைச் சரக்கிலும் ஒரே எண் என்றால் அவை ஒரே ஆலையிலிருந்து வந்தவை. ஆனால் செய்முறையும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; சேர்மானப் பட்டியலில் உள்ள சதவீதத்தையும் பாருங்கள். 'போர்க் சாசேஜ்' என்று விற்க 42% பன்றி இறைச்சி இருந்தாலே சட்டப்படி போதும். 90%க்கு மேல் உள்ளதும் அதே பெயரில்தான் வரும்.

மஞ்சள், சீரகம் வாங்கும்போது கண்ணாடிக் குப்பி அடுக்கைத் தாண்டி 'வேர்ல்ட் ஃபுட்ஸ்' (பிற நாட்டு உணவுப் பொருட்கள்) வரிசைக்குப் போங்கள். ஒரே கடைக்குள்ளேயே அங்கே பெரிய பொட்டலம், பெரும்பாலும் கிராமுக்குக் குறைந்த விலை.

கடைசியில் பெயரை மறைத்துச் சுவைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தாராளமாக வெயிட்ரோஸிலேயே வாங்கலாம்.