பழைய விம்பிள்டன் ஸ்கோரைப் படிப்பது எப்படி?

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி ஸ்கோரைப் படிக்கத் தொடங்கும்போது, வென்றவரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். 1921 வரை, முந்தைய ஆண்டின் சாம்பியன் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் தமக்குள் மோதி முடித்தபின், எஞ்சிய ஒருவரை எதிர்கொண்டால் போதும். அவ்வாண்டு பில் டில்டன் பட்டத்தைத் தக்கவைத்தது பிரையன் நார்ட்டனுடன் ஆடிய ஒரே ஆட்டத்தில்தான். போட்டி சர்ச் ரோடு வளாகத்துக்கு இடம் மாறிய 1922இல் இச்சலுகை நீங்கியது. ஆகவே 1921 வரையிலான பட்டங்களையும் பிந்தையவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்.

அடுத்து, இறுதி ஆட்டத்தை மட்டும் பார்க்காமல், காலிறுதியிலிருந்து ஸ்கோர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பழக 1927ஆம் ஆண்டின் ஆடவர் ஒற்றையர் பிரிவைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பிரான்ஸின் ஹென்றி கோஷே, காலிறுதியில் ஃபிராங்க் ஹன்டரை 3-6, 3-6, 6-2, 6-2, 6-3 என்றும், அரையிறுதியில் டில்டனை 2-6, 4-6, 7-5, 6-4, 6-3 என்றும், இறுதியில் தன் நாட்டவரான ஜான் போரோத்ராவை 4-6, 4-6, 6-3, 6-4, 7-5 என்றும் வென்றார். ஒவ்வொரு ஜோடி எண்ணும் ஒரு செட்டில், அதாவது ஆட்டத்தின் ஒரு பகுதியில், இருவரும் வென்ற கேம்களைக் குறிக்கும்; அதில் முதல் எண் ஆட்டத்தை வென்றவருடையது என்பதை நினைவில் வைத்து மூன்று வரிகளையும் மேலிருந்து கீழாகப் படித்தால், அடுத்தடுத்த மூன்று ஆட்டங்களிலும் அவர் முதல் இரண்டு செட்களை இழந்தே மீண்டிருக்கிறார் என்பது புலப்படும்.

இப்போது 7-5 என்ற செட்களில் நிதானியுங்கள். சமநிலையில் நிற்கும் செட்டை ஒரே கேமில் முடித்துவைக்கும் டைபிரேக் முறை விம்பிள்டனுக்கு வந்தது 1971இல்தான். அதற்குமுன், ஒருவர் ஆறு கேம்களை எட்டினாலும் இரண்டு கேம் வித்தியாசம் கிடைக்கும்வரை செட் நீளும். 7-5 என முடிந்த செட் 5-5ஐக் கடந்தே வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமநிலைக்கு எவ்வழியில் வந்தார்கள் என்பதை எண்கள் சொல்வதில்லை. அதற்கு அக்கால நாளிதழ்களின் ஆட்ட வருணனையைத் தேடிப் படித்து, ஸ்கோருக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். டில்டனுக்கு எதிரான மூன்றாவது செட்டில் 1-5 எனப் பின்தங்கிய கோஷே, தொடர்ந்து 17 புள்ளிகளை வென்றார். இறுதி ஆட்டத்தின் ஐந்தாவது செட்டிலோ, போரோத்ராவுக்குக் கிடைத்த ஆறு மேட்ச் பாயின்ட்களை (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டத்தையே வெல்லும் வாய்ப்புகளை) அவர் முறியடித்த கதை முழுவதும் அந்த 7-5க்குள் அடங்கியிருக்கிறது.