பூனைக்குட்டிக்குத் தடுப்பூசி: எந்த வாரத்தில், எத்தனை டோஸ்?

ஒரு ஊசி போட்டதுமே வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். குட்டியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் 16 வாரத்தில் போடும் ஊசிதான்.

1. வயதைக் கணியுங்கள். பிறந்த தேதி தெரியாவிட்டால் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்னால் நொய்யரிசி போலப் பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றனவா? சுமார் 3 வாரம். கடைவாயிலும் பால்பற்கள் முளைத்து, கண்ணின் நீலம் மாறி, எடை 800–900 கிராம் இருந்தால் ஏறக்குறைய 8 வாரம்.

2. குடற்புழு மருந்து. ஊசிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அளவு எடையைப் பொறுத்தது; குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள்.

3. முத்தடுப்பூசி: 8, 12, 16 வாரம். பான்லூக்கோபீனியா (கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தருவது), ஹெர்பிஸ், கலிசி (இரண்டும் சளி, தும்மல் தருபவை) ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் இது ஒன்றே. ஏன் மூன்று தடவை? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புசக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது சில குட்டிகளுக்கு 8 வாரத்தில் தீரும், சிலவற்றுக்கு 16 வரை நிற்கும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஜனவரி 1 பிறந்த குட்டிக்கு பிப்ரவரி 26, மார்ச் 26, ஏப்ரல் 23 என்று காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள். நாள் தவறிவிட்டால் விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள். இடைவெளியைப் பார்த்து அவர் அட்டவணையை மாற்றித் தருவார்.

4. ரேபிஸ் ஊசி: 12 வாரம் முடிந்ததும். ஓராண்டில் மறுபடி.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சாப்பிடாமை இருந்தால் அன்று ஊசி வேண்டாம், முதலில் சிகிச்சை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருங்கள். முகம் வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே உள்ளே தூக்கிப் போங்கள். ஒரு நாள் சோர்ந்து படுப்பது சகஜம். அதற்காகப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டி 3 மாதத்துக்கு மேல் இருந்தாலோ, 2 செ.மீ. தாண்டினாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ காட்டியே ஆகவேண்டும்.

கடைசி டோஸ் முடிந்து இரண்டு வாரம்வரை தெருப்பூனைகளோடு பழகவிடாதீர்கள். பான்லூக்கோபீனியா செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் வரும், ஆகவே செருப்பு வாசலிலேயே இருக்கட்டும். தரையைப் பினாயிலால் துடைக்காதீர்கள். அதுவும் பூனைக்கு ஆகாது. ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிடம் விட்டு அலசி, நன்றாகக் காய்ந்தபின் குட்டியை இறக்கிவிடுங்கள்.