பாம்பன் பாலத்துக்கு 1:100 அளவே சரி

புதிய பாம்பன் பாலத்தை மாடல் ரயிலுக்காகச் செய்கிறீர்களா? கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. (இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி) எச்.ஓ. தண்டவாளத்தையே வாங்குங்கள், பாலத்தையும் பெட்டிகளையும் மட்டும் 1:100 அளவில் செய்யுங்கள்.

எச்.ஓ. என்பது 1:87 என்ற மாடல் ரயில் அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. அதில் 16.5 மி.மீ. என்பது உலகின் பல நாடுகளில் உள்ள 1435 மி.மீ. பாதைக்கான அளவு. நம் அகலப் பாதையோ 1676 மி.மீ.; 1:87இல் 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். அதனால்தான் நம் ரயில் எச்.ஓ. தண்டவாளத்தில் ஒல்லிக் காலில் நிற்பதுபோல் தெரிகிறது. 1:100இல் 16.76 வரும், வித்தியாசம் கால் மி.மீ.தான். கணக்கும் சுலபம்: ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். கப்பல் போக மேலே தூக்கப்படும் 72.5 மீட்டர் பகுதி 72.5 செ.மீ. ஆகிவிடும், சாதாரண ஸ்கேலே போதும்.

ரெடிமேடாக வாங்கிய எச்.ஓ. இன்ஜினை ஓட்டுவதானால் இது ஒத்துவராது. பாலத்துக்குள் அது பெரிதாகத் தெரியும். பழைய பாலத்தில் 2007க்கு முன் ஓடிய மீட்டர் கேஜ் ரயிலுக்கும் வேண்டாம். அதற்கு 1:87இல் 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும்.

அப்புறம், மண்டபம், பாம்பன் பக்கம் உப்புக் காற்றில் இரும்புத் தண்டவாளம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தண்டவாளம் கேட்டு வாங்குங்கள்.