ரீஜனல் ஜியாகிரபி மீட்டிங்ல பேப்பர், போஸ்டர் போட்டிக்கு எப்படி ரெடி ஆகுறது

அமெரிக்கால ஜியாகிரபி, ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப், இட டேட்டா வச்சு அனாலிசிஸ் பண்றது) படிக்க வந்திருக்குற நம்ம பசங்க நிறைய பேரு ஏஏஜி வருடாந்திர மாநாட்ட மட்டும்தான் மனசுல வச்சிருக்காங்க. ஏஏஜின்னா அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் ஜியாகிராஃபர்ஸ், 1904ல ஆரம்பிச்சது, அதுக்கு கீழ 9 ரீஜனல் டிவிஷன் இருக்கு. ஜார்ஜியா, அலபாமா பக்கம் இருந்தா சவுத்ஈஸ்ட் டிவிஷன், பாஸ்டன் பக்கம்னா நெஸ்ட்வால்ன்ற நியூ இங்கிலாந்து, செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு டிவிஷன், கலிஃபோர்னியான்னா ஏபிசிஜின்ற பசிபிக் கடற்கரை டிவிஷன், இப்படி. பெரிய மாநாடு வசந்த காலத்துல வரும், இந்த ரீஜனல் மீட்டிங் எல்லாம் இலையுதிர் காலத்துல. முதல் பேப்பர், முதல் போஸ்டர் இங்கதான் போடணும்னு நான் அடிச்சு சொல்லுவேன், ஏன்னா பெரிய மாநாட்டுல ஆயிரக்கணக்குல ஆளுங்க வருவாங்க, ஒரே நேரத்துல எத்தனையோ செஷன் ஓடும், உங்க ரூம்ல நாலு பேர் இருந்தாலே அதிர்ஷ்டம், இங்க ஒங்க துறையில முப்பது வருஷம் வேலை பார்த்த ப்ரொஃபசர் முன் வரிசைல உக்காந்து முழுசா கேப்பாரு, முடிஞ்சதும் காபி கப்போட வந்து இன்னும் ரெண்டு கேள்வி கேப்பாரு.

முதல்ல ரூல்ஸ். ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒவ்வொரு மாதிரி, அதனால போன வருஷம் சீனியர் சொன்னத நம்பாதீங்க, இந்த வருஷ அறிவிப்ப வரிக்கு வரி படிங்க. பல இடத்துல மீட்டிங்குக்கு ரெஜிஸ்டர் பண்ணிட்டா மட்டும் போட்டில சேர்ந்ததா அர்த்தம் இல்ல, போட்டிக்கு தனியா டிக் போடணும், பேப்பர் போட்டின்னா எழுதின முழு பேப்பரையும் முன்கூட்டியே அனுப்பணும், அதுக்கு தனி டெட்லைன். அட்வைசர் பேரு கோ ஆத்தரா வரலாமா, நீங்க மட்டும் தனியா எழுதியிருக்கணுமான்றதையும் பாருங்க. இளங்கலை, மாஸ்டர்ஸ், பிஎச்டின்னு பெரும்பாலும் தனித்தனி பிரிவு இருக்கும். இன்னொன்னு, ரீஜனல் மீட்டிங்ல நல்லா வந்த இளங்கலை பேப்பருக்கும் கிராஜுவேட் பேப்பருக்கும் ஏஏஜி கவுன்சிலே ஒரு விருது குடுக்குது, அடுத்த வருடாந்திர மாநாட்டுக்கு போறதுக்கு பண உதவியோட. ஸ்டைபண்ட்ல காலம் தள்ளுற நமக்கு இது சின்ன விஷயம் இல்ல, அதோட தகுதி என்னன்னு அதே நாள் பாத்து வச்சிடுங்க.

மீட்டிங் அக்டோபர், நவம்பர்னா அனாலிசிஸ் கோடை லீவுலயே முடிஞ்சிருக்கணும். செமஸ்டர் ஆரம்பிச்சு டீச்சிங் அசிஸ்டன்ட் வேலையும் சேந்துட்டா எழுத நேரமே கிடைக்காது.

இப்ப முக்கியமான விஷயம், கேள்வி. போட்டில நல்ல டேட்டா, நல்ல மேப் எல்லாம் வச்சிருந்தும் பின்னாடி போறவங்க பெரும்பாலும் கேள்வி இல்லாம வந்தவங்கதான். "அட்லாண்டால நகர வெப்பம், ஒரு ஆய்வு" அப்படின்றது தலைப்பு, கேள்வி இல்ல. ஜியாகிரபி ஜட்ஜுங்க தேடுறது "எங்க" மட்டும் இல்ல, "ஏன் அங்க". ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். 1930கள்ல ஹெச்ஓஎல்சின்ற அரசு நிறுவனம் வீட்டுக்கடன் ரிஸ்க்குன்னு சொல்லி நகரங்களுக்குள்ள இருக்குற பகுதிங்கள ஏ, பி, சி, டின்னு தரம் பிரிச்சு மேப் போட்டுச்சு, டின்னா சிவப்பு, கறுப்பின மக்கள் இருந்த தெருவெல்லாம் பெரும்பாலும் அதுல மாட்டுச்சு. அந்த மேப் எல்லாம் ரிச்மண்ட் யூனிவர்சிட்டி டிஜிட்டல் பண்ணி இலவசமா வச்சிருக்கு. 2020ல வந்த ஒரு ஆய்வு 108 அமெரிக்க நகரத்த எடுத்து பாத்து, 94 சதவீத இடத்துல அந்த சிவப்பு பகுதிங்க பக்கத்து பகுதிய விட இன்னைக்கும் சூடா இருக்குன்னு காட்டிடுச்சு. அத அப்படியே 109வது நகரத்துல செஞ்சா புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா "என் ஊர்ல ரெண்டு சிவப்பு பகுதி இருக்கு, ஒண்ணு ரொம்ப சூடு, ஒண்ணு அவ்வளவா இல்ல, ஏன்" அப்படின்னு கேட்டா, மரம், பார்க்கிங் லாட், நடுவுல போன ஹைவே, யாரு எப்ப வித்துட்டு போனாங்கன்னு கதை விரியும். சின்ன இடம், கூர்மையான கேள்வி, இதுதான் 15 நிமிஷ பேச்சுக்குள்ள அடங்கும்.

அதே உதாரணத்துல ஜட்ஜ் என்ன கேப்பாங்கன்னும் சொல்றேன். லேண்ட்சாட் 8ன்ற சாட்டிலைட் படத்த வச்சு நீங்க போட்டது தரையோட மேற்பரப்பு சூடு, ஆளு உணர்ற காத்தோட சூடு கிடையாது, இத நீங்களே முதல்ல சொல்லிடணும். அதோட வெப்ப பேண்ட் எடுக்குறது 100 மீட்டர்ல, நமக்கு கைக்கு வரும்போது 30 மீட்டரா மாத்தி குடுக்குறாங்க, அதனால வீடு வீடா வித்தியாசம் காட்டுறேன்னு சொன்னா விட மாட்டாங்க. சென்சஸ் டிராக்ட் (சென்சஸுக்காக பிரிச்ச சின்ன பகுதி) அளவுல ஏசிஎஸ்ன்ற சென்சஸ் பீரோ சர்வேயோட வருமான டேட்டா சேத்தீங்கன்னா அதுல மார்ஜின் ஆஃப் எரர், அதாவது கணக்கு எவ்வளவு தப்பலாம்ன்ற அளவு, எவ்வளவுன்னு கேப்பாங்க, சின்ன டிராக்ட்ல அது பயங்கரமா இருக்கும். டிராக்டுக்கு பதிலா அத விட சின்ன பிளாக் குரூப் எடுத்தா ரிசல்ட் மாறுமான்னும் கேப்பாங்க, எல்லைய மாத்தினா விடையும் மாறும்ன்றது ஜியாகிரபிகாரங்களுக்கு ரொம்ப பழைய கவலை, அதனால ரெண்டு அளவுலயும் ஓட்டி பாத்துட்டு போங்க, மாறினா மாறுதுன்னு சொல்லுங்க. அப்படி சொல்றவங்க மேல ஜட்ஜுக்கு நம்பிக்கைதான் கூடும்.

பேப்பர் எழுதும்போது தீசிஸ் சேப்டர அப்படியே வெட்டி ஒட்டாதீங்க. இருபது பக்கம் லிட்டரேச்சர் ரிவ்யூ யாரும் படிக்க மாட்டாங்க, ரெண்டாவது பக்கத்துக்குள்ள கேள்வி வந்திருக்கணும். பேச்சுக்கு பொதுவா 15லிருந்து 20 நிமிஷம், கேள்வி நேரத்தையும் சேத்து, அதனால 12 நிமிஷத்துக்கு பழகுங்க, ஸ்லைடு பத்து பன்னெண்டு போதும். சத்தமா, நின்னுக்கிட்டு, லேப்ல ஜியாகிரபி தெரியாத ஒரு ஃப்ரெண்ட் முன்னாடி பேசி பாருங்க. வேகமா பேசுறது நம்ம ஆளுங்களுக்கு பழக்கம், மேப் வர்ற ஸ்லைடுல மட்டுமாவது நிறுத்துங்க, கலர் என்ன, எந்த வருஷம், எந்த அலகுன்னு சொல்லிட்டு அப்புறம் கண்டுபிடிப்புக்கு போங்க.

போஸ்டர் வேற ஜாதி. பேப்பர சின்ன எழுத்துல நாலு காலமா ஒட்டினா அது போஸ்டர் ஆகாது. சந்தைல கடைய தாண்டி போறவர நிறுத்துற மாதிரிதான், ரெண்டு மூணு செகண்ட்ல கண்ணு பிடிக்கணும், அந்த வேலைய செய்ய வேண்டியது மேப். நடுவுல ஒரே ஒரு பெரிய மேப், தலைப்புலயே கண்டுபிடிப்பு, சுத்தி எழுத்து கம்மியா. 48க்கு 36 இன்ச் வழக்கமான அளவு, ஆனா அங்க குடுக்குற போர்டு அளவ பாத்துட்டு ஆரம்பிங்க. பவர்பாயின்ட்ல போடுறதுன்னா முதல்லயே பேஜ் அளவ மாத்துங்க, 56 இன்ச்சுக்கு மேல அது விடாது. உள்ள எழுத்து 24 பாயின்ட்டுக்கு கீழ போக வேணாம், மேப்ப 300 டிபிஐல எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

மேப்ல தான் ஜியாகிரபி ஜட்ஜு மத்த துறை ஜட்ஜ விட கண்டிப்பா இருப்பாங்க. வெறும் எண்ணிக்கைய கவுண்ட்டி மேப்ல கலர் போட்டா கடைசில ஜனத்தொகை மேப்தான் வரும், ஆயிரம் பேருக்கு எத்தனைன்னு மாத்துங்க. நாடு முழுக்க காட்டுறீங்கன்னா வடக்கு பக்கத்த பெருசாக்கி காட்டுற வெப் மெர்கேட்டர் ப்ரொஜெக்ஷன்ல (உருண்டை பூமிய தட்டையா விரிக்கிற முறை) விடாதீங்க, பரப்பளவு மாறாத ஆல்பர்ஸ் ஈக்வல் ஏரியாக்கு மாத்துங்க, அந்த ப்ரொஜெக்ஷன்ல வடக்கு இடத்துக்கு இடம் திரும்புறதால நார்த் ஆரோவும் தேவையில்ல. ரெயின்போ கலர் வேணவே வேணாம். பென் ஸ்டேட்ல சிந்தியா ப்ரூவர் உருவாக்கின கலர்ப்ரூவர்னு ஒண்ணு இருக்கு, இலவசம், வண்ணக்குருடு உள்ளவங்களுக்கும் தெரியுற கலரா தேர்ந்தெடுக்க வழி இருக்கு, க்யூஜிஐஎஸ்ன்ற இலவச மேப் சாஃப்ட்வேர்லயே அந்த கலர் எல்லாம் உள்ள வருது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு சிவப்பு பச்சை குழப்பம் உண்டு, உங்க ஜட்ஜ் அவங்கள்ல ஒருத்தரா இருக்கலாம்.

ஃப்ளைட்ல போறீங்கன்னா துணில பிரிண்ட் பண்ணுங்க, மடிச்சு பெட்டில வச்சிடலாம். பேப்பர்ல தான்னா யூனிவர்சிட்டி லைப்ரரில, டிபார்ட்மென்ட்ல ப்ளாட்டர் (பெரிய அளவு பிரிண்டர்) இருக்கான்னு கேளுங்க, கடைய விட ரொம்ப மலிவு, ஆனா மீட்டிங் வாரத்துல எல்லாரும் வரிசைல நிப்பாங்க, அதனால முந்தின வாரமே குடுத்துடுங்க.

அங்க போனதும் போஸ்டர விட்டு நகராதீங்க, ஜட்ஜ் எப்ப வருவாங்கன்னு சொல்ல முடியாது. ஒரு நிமிஷ பேச்சு ஒண்ணு, நாலு நிமிஷ பேச்சு ஒண்ணுன்னு ரெண்டு ரெடியா வச்சிக்கோங்க, ஆள் முகத்த பாத்து எது வேணும்னு முடிவு பண்ணலாம். தெரியாத கேள்வி வந்தா "அத நான் பாக்கல, இப்படி பாக்கலாம்னு தோணுது" அப்படின்னா போதும். சாயங்காலம் ஜியாகிரபி பவுல்னு குவிஸ் இருக்கும், உங்க டிபார்ட்மென்ட்ல டீம் இல்லன்னாலும் வேற டீம்ல இடம் இருக்கான்னு கேட்டு பாருங்க, பல டிவிஷன்ல அதுல நல்லா ஆடினவங்கள சேத்துதான் வருடாந்திர மாநாட்டு போட்டிக்கு டீம் அனுப்புறாங்க.

பரிசு வந்தாலும் வராட்டியும் ஜட்ஜுங்க எழுதின கமெண்ட் குடுப்பாங்களான்னு ஆர்கனைசர்கிட்ட மெயில் போட்டு கேளுங்க. அத வச்சு பேப்பர திருத்தி, டிவிஷனோட ஜர்னல் இருந்தா அங்கயே அனுப்புங்க, சவுத்ஈஸ்ட் டிவிஷனுக்கு சவுத்ஈஸ்டர்ன் ஜியாகிராஃபர் இருக்கு, ஏபிசிஜிக்கு அதோட இயர்புக் இருக்கு.